சத்தியத்தில் குறையாத எடை

காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் லேசில் துணிச்சல் வராது. சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால், பாகுதா ஆற்றங்கரையில் வரசித்தி விநாயகர் கோயில். கொடுக்கல் வாங்கல் தகராறு, வரப்புத் தகராறு, திருட்டுப் பழி என்று ஊர்ப் பஞ்சாயத்தில் தீராத வழக்குகள் இங்கே வந்து தீரும். குளத்தில் முங்கி எழுந்து, ஈரத் துணியோடு சுவாமி முன்னால் நின்று சொல்ல வேண்டும். ஆந்திர அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் "காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் செய்யத் தயாரா?" என்று கேட்டுக்கொள்வது அங்கே அன்றாடச் செய்தி. குடியை விடுகிறேன், பீடியை விடுகிறேன் என்று வந்து சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. சுவாமிக்குக் கொடுத்த வாக்கு என்ற பயபக்தியே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது வீடுகளில் இன்னொரு சத்தியம் நடக்கிறது. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கியதும் வாயில் வருகிற சத்தியம். "இன்றோடு சோறு கிடையாது." "சர்க்கரையைத் தொடமாட்டேன்." "ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தியோடு சரி." மூன்று வாரம் தாங்கும். ஒரு கல்யாணமோ பண்டிகையோ வரும், உடையும். உடைந்ததும், "எனக்கு வைராக்கியம் பத்தாது" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வைராக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை, சத்தியத்தில்தான் குறை. குடி என்பது ஒரு பொருள். அதை விட்டுவிட்டால் விட்டதுதான். சாப்பாட்டை விட முடியாது. நாளைக்கு மூன்று வேளையும் தட்டின் முன் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்தத் தட்டிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துவிட்டால், காலியான இடத்தில் வேறு எது வந்து உட்காருகிறது என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது.

உணவை முழுத் தட்டாகப் பார்க்க வேண்டும் என்ற இந்த எண்ணம் நேற்று வந்ததல்ல. அதற்கு நம் நீலகிரியில் நூறு வருஷ வரலாறு இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்னப் பிரிவு தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர். 1920களில் அவர் செய்த ஒரு சோதனையை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. வைட்டமின் இது, புரதம் அது என்று தனித்தனியாகப் பிரிக்காமல், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் முழுச் சாப்பாட்டையும் அப்படியே எலிகளுக்குக் கொடுத்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொரு கூட்டத்துக்குப் பட்டாணியர் சாப்பாடு. பிறகு மராத்தியர், கூர்க்கா, கன்னடர், வங்காளியர், கடைசியாக "மதராசி" சாப்பாடு. சீக்கியர் தட்டில் வளர்ந்த எலிகள் நன்றாக வளர்ந்தன. மதராசித் தட்டில் வளர்ந்தவை எல்லாவற்றையும் விட எடை குறைந்து நோஞ்சானாக நின்றன. தீட்டிய அரிசி மலைபோல், பருப்பும் காயும் பாலும் கொஞ்சமே கொஞ்சம் என்பதுதான் அந்தத் தட்டு.

சித்தூர் அன்று மதராஸ் மாகாணத்து மாவட்டம். ஆகவே அந்தத் தட்டு காணிப்பாக்கத்துக்கும் சொந்தம், காட்பாடிக்கும் சொந்தம். குன்னூர் ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்து இந்திய உணவுகளின் சத்தை அளந்து அட்டவணை போட்டவர்களில் முதன்மையானவர்.

எலியை எடை குறையச் செய்த அதே தட்டு, நூறு வருஷம் கழித்து மனிதரை எடை கூடச் செய்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஆந்திரப் பெண்களில் 36.3 சதவீதம் பேர் கூடுதல் எடை கொண்டவர்கள். ஆண்களில் 31.1 சதவீதம். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பெண்கள் 40.4, ஆண்கள் 37 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அதற்கு முந்தைய ஆய்வில், 2015-16இல், இது 30.9ஆக இருந்தது. ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. கோடிக்கணக்கான பெண்களுக்கு ஒரே சமயத்தில் வைராக்கியம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆந்திரப் பெண்களில் 58.8 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பு கனக்கிறது, ரத்தத்தில் சத்து இல்லை. ஒரே வீட்டில் மட்டுமல்ல, ஒரே உடம்பிலும் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. தின்றது அதிகம் என்று மட்டும் சொல்லி இதை விளக்க முடியாது. தின்றதில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று கேட்டாக வேண்டும்.

அதற்கு இந்த மண்ணின் தட்டு எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும்.

சித்தூர் சேர்ந்த ராயலசீமை வானம் பார்த்த பூமி. ஏரிப் பாசனம் இருந்த இடத்தில் நெல். மற்ற இடமெல்லாம் கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, கொள்ளு, அவரை, வேர்க்கடலை. நெல்லுச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும். அன்றாடத்துக்கு ராகி சங்கட்டி. கொஞ்சம் அரிசியையோ நொய்யையோ குழைய வேகவைத்து, கேழ்வரகு மாவு போட்டுக் கிண்டி, உருண்டை பிடித்து வைப்பார்கள். நாம் களி என்போம். உருண்டையைத் தனியாக யாரும் தின்னவில்லை என்பது முக்கியம். கூடவே கீரைப் பருப்பு, வேர்க்கடலைத் துவையல், கொள்ளுச் சாறு, வாய்த்தால் நாட்டுக்கோழிக் குழம்பு, நீர்மோர். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க ஏர் பிடித்தார்கள், ஏற்றம் இறைத்தார்கள், நடந்தார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவே மாட்டேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பகுதி பட்ட பாடு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியை நிர்ணயித்தார். மதராஸ் மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். தானியத்தின் அளவைக் கூட்ட வேண்டும். அது மட்டும் போதாது, பருப்பும் காய்கறியும் சேர்த்தால்தான் உழைக்கிற உடம்பு நிற்கும் என்பது அவர் வாதம். கிட்டத்தட்ட 150 வருஷத்துக்கு முன்னால், பிணங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, தானியம் மட்டும் சாப்பாடு ஆகாது என்று அந்த மருத்துவர் சொன்னார். அதை நாம் இன்னும் முழுசாகக் காதில் வாங்கவில்லை.

1983இல் என்.டி. ராமராவ் ஆந்திர முதலமைச்சரானதும் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். பசி தெரிந்த மண்ணில் அது எத்தனை பெரிய கொடை என்பதை வார்த்தையில் சொல்ல முடியாது. கூலிக்காரர் வீட்டிலும் தினம் வெள்ளைச் சோறு பொங்கியது. ராயலசீமையின் வீடுகளில் சங்கட்டி மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனதற்கு அந்தத் திட்டம் ஒரு பெரிய காரணம். கேழ்வரகை இடித்து, அரைத்து, கிண்டுகிற பாடும் பெண்களுக்கு மிச்சமாயிற்று. அதையும் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிற்பாடு தமிழ்நாட்டில் 1 ரூபாய் அரிசியும், 2011 முதல் விலையில்லா அரிசியும் வந்தன. பசியை விரட்டிய கொள்கை இது. ஆனால் தட்டில் மலிவானது அரிசி ஒன்றுதான். பருப்பின் விலை ஏறியது. கேழ்வரகும் கம்பும் விளைந்த நிலம் பணப்பயிருக்குப் போனது. இந்தியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று பக்கத்து மதனப்பள்ளியில்தான் இருக்கிறது, இருந்தும் ஏழை வீட்டுத் தட்டில் காய் ஒரு கரண்டியைத் தாண்டவில்லை. சித்தூர்த் தோப்புகளில் விளையும் தோத்தாபுரி மாங்காய் கூழ் ஆலைக்குப் போய், சர்க்கரை கலந்த பாட்டில் பானமாக ஊர்ப் பெட்டிக்கடைக்கே திரும்பி வருகிறது.

கடைசி மாற்றம் பொட்டலம். 2022-23ஆம் ஆண்டின் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியக் கிராமத்து வீட்டின் மொத்தச் செலவில் அரிசி கோதுமை முதலான தானியங்களுக்குப் போவது 4.91 சதவீதம். பானங்கள், நொறுக்குத் தீனி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்குப் போவது 9.62 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் கிராமத்தில். மெக்கரிசன் பார்த்த மதராசித் தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் அதிகம் ஒன்றும் இல்லை. இன்று அந்தக் காலியிடத்தில் பாமாயிலில் பொரித்ததும் சர்க்கரையில் ஊறியதும் உட்கார்ந்துகொண்டன. பருப்பும் காயும் வந்திருக்க வேண்டிய இடம் அது.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தார் சென்னை நகரவாசிகளிடம் நடத்திய ஆய்வில், உடம்புக்குப் போகும் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவதாகக் கண்டார்கள். அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. அதிகம் உண்டவர்களிடம் இடுப்புச் சுற்றளவும், ரத்தக் கொழுப்பும், சர்க்கரையும் சேர்ந்து கெட்டிருந்தன. அதே மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. பெரியவர்களில் 28.6 சதவீதம் பேருக்கு உடல் பருமன். வயிற்றுப் பருமனோ 39.5 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நம் உடம்பின் தனிக் குணம் இருக்கிறது. தராசில் பருமன் இல்லை என்று வருகிற பலருக்கு வயிற்றில் பருமன் இருக்கிறது. இதை விளக்க ஒரு புகைப்படம் உதவும். 2004இல் லான்செட் இதழில் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. பார்த்தால் இருவரும் ஒல்லி. உள்ளே அளந்தபோது யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். நம்மவர் கைகால் மெலிந்திருக்கும், தசை குறைவாக இருக்கும், வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு படிந்திருக்கும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே அரைப் பட்டினி கண்ட குழந்தையின் உடம்பு தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது என்பது யாஜ்னிக்கின் நெடுங்கால ஆய்வு சொல்வது. அதனால்தான் உலக அளவில் 25 என்று வைத்த கோட்டை நம் மருத்துவர்கள் 23க்கு இறக்கியிருக்கிறார்கள். தராசை விட இஞ்ச் டேப் நமக்கு அதிகம் சொல்லும். தொப்புள் மட்டத்தில் ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. பஞ்சம் கண்ட வம்சத்துக்கு இந்த எல்லை நெருக்கமாகத்தான் இருக்கும்.

சரி, அரிசி மிகுந்த தட்டு ஏன் எடையைக் கூட்டுகிறது? அரிசி விஷமல்ல. அதில் தனியாக ஒரு கெடுதலும் இல்லை. கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும். நூறு கிராம் அரிசியில் எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அரிசியை மட்டும் நம்பி அந்த 50ஐ எட்ட வேண்டுமானால் 630 கிராம் அரிசி வடிக்க வேண்டும்; அதோடு 2,200 கலோரிக்கு மேல் உள்ளே போய்விடும். 85 கிராம் பருப்பு வகை சேர்த்தால், 300 கலோரிக்குள்ளாகவே 20 கிராமை நெருங்கிவிடலாம். ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ரோபன்ஹைமர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் முதலில் வெட்டுக்கிளிகளிடம் ஒன்றைக் கவனித்தார்கள். தேவையான புரதம் கிடைக்கும்வரை அவை தின்பதை நிறுத்துவதில்லை. மனிதருக்கும் இது பொருந்தும் என்று 2005இல் ஒரு கருதுகோளாக முன்வைத்தார்கள். எல்லாரும் ஏற்ற முடிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் "வயிறு நிறைந்தது, மனசு நிறையவில்லை" என்று மூன்றாம் தரம் சோறு போட்டுக்கொள்கிற நம் வழக்கத்தை இதைவிட நன்றாக விளக்கும் ஒன்றை நான் படித்ததில்லை. உடம்பு பருப்பைத் தேடுகிறது. அது கிடைக்காததால் சோறு கேட்கிறது.

நார்ச்சத்தும் இப்படித்தான். காயும் கீரையும் தவிடு போகாத தானியமும் குடலில் மெதுவாகப் போகும். சர்க்கரை ரத்தத்தில் சிறுகச் சிறுக ஏறும். குடலின் கீழ்ப்பகுதி வரை உணவு போய்ச் சேர்ந்தால், அங்குள்ள செல்கள் போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களைச் சுரக்கும். இன்று எடை குறைக்க ஊசியாக விற்கிறார்களே, அந்த மருந்துகள் நம் குடலே சுரக்கும் அந்த ஹார்மோன்களில் ஒன்றைப் பார்த்து உருவாக்கியவைதான். ஆலைப் பொட்டல உணவு பற்களுக்கு வேலை வைப்பதில்லை. மூளைக்குச் செய்தி போவதற்குள் பொட்டலம் காலி.

இதை அளந்து காட்டியவர் அமெரிக்காவின் கெவின் ஹால். 2019இல் வெளியான சோதனை அது. 20 பேரை ஒரு மாதம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமையலறையில் ஆக்கிய உணவு. இரண்டு வகையிலும் பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டுமளவு சாப்பிடலாம். பொட்டல உணவு வாரங்களில் சராசரியாக ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். அதே மனிதர்கள், அதே வைராக்கியம். மாறியது தட்டு மட்டும்தான்.

மற்ற ஆய்வுகளை இந்த அளவுக்கு நம்பக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். "போன மாதம் எத்தனை தடவை வடை சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் பெரும்பாலான உணவு ஆய்வுகள் நடக்கின்றன. மறந்துபோகும், வெட்கத்தில் குறைத்தும் சொல்வோம். எடை கூடியவர் ஏற்கெனவே சர்க்கரையை நிறுத்தியிருப்பார். கணக்கில் பார்த்தால் சர்க்கரை தின்னாதவர்தான் குண்டு என்று வரும். ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு "இதைத் தின்றால் எடை கூடும், அதைத் தின்றால் குறையும்" என்று வாரத்துக்கு ஒன்றாக வரும் செய்திகள் பெரும்பாலும் இந்தச் சேற்றில் பிறந்தவை. உணவை ஒட்டுமொத்தப் பழக்கமாக எடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் இதைவிட உறுதியான தரையில் நிற்கின்றன. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு தட்டில் பார்த்தும் அவை ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: பருப்பு, காய், பழம், முழுத் தானியம், கொட்டை மிகுந்த தட்டு எடையைக் கட்டில் வைக்கிறது; தீட்டிய தானியம், சர்க்கரை, பொரித்தது மிகுந்த தட்டு கூட்டுகிறது.

இப்போது கேழ்வரகுக்கு நல்ல காலம். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருஷம் ஆந்திர அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு ராகி ஜாவா என்ற கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கத் தொடங்கியது. தமிழக அரசு தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தந்தது. மனசார வரவேற்கிறேன். ஆனால் "சோற்றை விட்டுக் களிக்கு மாறிவிட்டேன், இனி எடை இறங்கும்" என்பதும் ஒற்றைப் பொருள் சத்தியம்தான். நூறு கிராம் அரிசியில் சுமார் 356 கலோரி. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 320. பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் நாரில் இருக்கிறது: அரிசியில் மூன்று கிராமுக்குள், கேழ்வரகில் பதினொன்று. சுண்ணாம்புச் சத்தில் இருக்கிறது: அரிசியில் 7 மில்லிகிராம், கேழ்வரகில் 360க்கு மேல். மாவை மைபோல் அரைத்து, வெல்லம் கொட்டிக் கஞ்சியாகக் குடித்தால் அந்த நாரின் பலனும் பாதி போய்விடும். வெல்லத்துக்குப் பெயர் பெற்ற சித்தூர் மாவட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டே இதைச் சொல்வது சங்கடம்தான்: வெல்லமும் சர்க்கரையும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்று. சங்கட்டியின் பலம் உருண்டைக்குள் மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்த கீரையிலும் கடலையிலும் கொள்ளிலும் மோரிலும் இருந்தது. பக்கத்தில் இருந்ததைத் திரும்பக் கொண்டுவராமல் உருண்டையை மட்டும் கொண்டுவந்து பயனில்லை.

டீயையும் விட்டுவிடக் கூடாது. நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு கரண்டி என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. மென்று தின்றதாகக் கணக்கில் வராது, வயிறும் அதைச் சாப்பாடாக எண்ணாது.

பிரசாதத்தைப் பற்றியும் கேட்பார்கள். திருப்பதி லட்டு 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. சின்ன லட்டு சுமார் 175 கிராம். கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அந்த எடைக்கு எழுநூறு கலோரியாவது இருக்கும் என்று மதிப்பிடலாம். ஆனால் லட்டால் குண்டானவர் என்று ஒருவரையும் நான் காட்ட மாட்டேன். நம் வீடுகளில் யாராவது மலைக்குப் போய் வந்தால், அம்மா ஒரு லட்டை உதிர்த்து, வீட்டுக்கும் அண்டை அயலுக்கும் ஆளுக்கு ஒரு கிள்ளு கொடுப்பாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுவோம். பிரசாதம் என்றால் அந்தக் கிள்ளுதான். விநாயகர் சதுர்த்திக்கு ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டையும் சுண்டலும் வருஷத்துக்கு ஒருநாள். பண்டிகையின் இனிப்பு யாரையும் கெடுக்கவில்லை. பண்டிகை அல்லாத முந்நூறு நாளும் டப்பாவில் இனிப்பு இருப்பதுதான் கெடுக்கிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்கான தட்டை வரைந்து காட்டியிருக்கிறது. 2,000 கலோரிக்குக் கணக்கு இது: தானியம் 250 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100, பருப்போ முட்டையோ மீனோ கறியோ 85, கடலை முதலான கொட்டைகளும் வித்துகளும் 35, எண்ணெய் 27 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி. முதல் இரண்டு எண்ணை மட்டும் பாருங்கள். தானியத்தை விடக் காய் அதிகம். நம் தட்டில் இது தலைகீழாக இருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் சோறு எத்தனை தரம் கேட்டாலும் வரும், பொரியலை இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிப்பார்கள். எங்கள் பக்கத்துத் தட்டின் நோய் என்னவென்று அந்த ஒரு முகச்சுளிப்பே சொல்லிவிடும்.

நானூறு கிராம் காயும் எண்பத்தைந்து கிராம் பருப்பும் கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எட்டுமா? இப்போதைக்கு எட்டாது. ஆகவே எடையைத் தனி மனிதரின் குற்றமாகப் பேசுவதை நான் ஒப்பமாட்டேன். அரிசியை 2 ரூபாய்க்குக் கொண்டுவர முடிந்த அரசுகளுக்குப் பருப்பையும் முட்டையையும் கீரையையும் அதே கைக்கு எட்டவைக்க முடியும். தமிழ்நாட்டு ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த ஒரு கிலோ ஒரு குடும்பத்துக்கு மாதம் முழுக்கப் போதாது என்பது சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். கேழ்வரகை இரண்டு மாவட்டத்தோடு நிறுத்தாமல் எல்லா ரேஷன் கடைக்கும் கொண்டுவர வேண்டும். அங்கன்வாடியில் ஒரு முட்டையைக் கூட்டுவது, பின்னால் திறக்கப்போகும் நீரிழிவு வார்டை விட மலிவு. கோயில்களின் அன்னதானக் கூடங்களில் தினம் எத்தனையோ ஆயிரம் பேர் உட்காருகிறார்கள்; ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி கூட்டைக் கூட்டினால் அது தானத்தில் குறைவாகாது.

வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை காணிப்பாக்கம் போனால், குடியை விடச் சத்தியம் செய்யுங்கள், புகையை விடச் செய்யுங்கள். சோற்றின் மேல் செய்யாதீர்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து சாப்பிட உட்கார்ந்ததும், சோறு வருவதற்கு முன்னால் பருப்பையும் கூட்டையும் கேட்டு வாங்குங்கள். முகம் சுளித்தாலும் இரண்டாம் முறை கேளுங்கள். காயையும் புரதத்தையும் முதலில் தின்றுவிட்டு மாவுப் பொருளைக் கடைசியில் தின்றால், சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது என்று சிறிய அளவில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. சோறு அதன் பிறகு வரட்டும்.